மரம் விழுந்த இடத்தில் பூ எங்கிருந்து வருகிறது?

அடர்ந்த காட்டில் தரை வரை வந்து சேரும் வெயில் பல இடங்களில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். பெருங்காற்றில் ஒரு பெரிய மரம் சாய்ந்தால் அந்தக் கணக்கு ஒரே நாளில் மாறிவிடும். அடுத்த பருவத்தில் அங்கே பூச்செடிகள் மண்டிக் கிடக்கும். காற்றில் பறந்து வந்து முளைத்தவையும் அவற்றில் உண்டு. ஆனால் பல செடிகள் ஏற்கெனவே அந்த மண்ணுக்குள் விதையாகக் கிடந்தவை.

விதை எத்தனை காலம் அப்படிக் கிடக்கும்? 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 20 பாட்டில்களில் மணலோடு விதைகளைக் கலந்து புதைத்துவைத்தார். 2021-இல் ஒரு பாட்டிலைத் தோண்டியெடுத்து விதைத்தபோது, 142 ஆண்டுகள் கழித்தும் வெர்பாஸ்கம் இன விதைகள் முளைத்தன!

சரி, மேலே மரம் விழுந்தது விதைக்கு எப்படித் தெரியும்? ஒளியின் நிறத்தை வைத்துத்தான். இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைச்சிவப்பு ஒளியைக் கீழே விட்டுவிடுகின்றன. மரம் போனதும் சிவப்பின் பங்கு கூடுகிறது. விதையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இதை உணர்ந்து முளைப்பைத் தொடங்கி வைக்கிறது. ஒளி மண்ணில் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். ஆழத்தில் கிடக்கும் விதைக்கு, வேரோடு சாயும் மரம் மண்ணைப் புரட்டிப்போட்டால்தான் விடிவு.

காட்டுத்தீ என்றால் சமிக்ஞை வேறு. சில விதைகளின் கெட்டித்தோல் சூட்டில் வெடிக்கும். வேறு சிலவற்றுக்குச் சூடு பொருட்டே இல்லை, புகை வேண்டும். புகையிலுள்ள காரிக்கின் என்ற வேதிப்பொருள் இப்படிப் பல விதைகளை எழுப்புகிறது என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் தீ அல்லியோ விதையை நம்பி இருப்பதில்லை. கிழங்கிலிருந்து நேரே தண்டை நீட்டி, தீ அணைந்த சில வாரங்களுக்குள் சிவப்பாகப் பூத்துவிடும்.

இந்தக் கொண்டாட்டம் நீடிக்காது. வட அமெரிக்காவில் தீக்குப்பின் முளைக்கும் பிக்னெல் ஜெரேனியம், சில ஆண்டுகளில் மற்ற செடிகள் மூடியதும் கண்ணில் படாமல் போகும். அழிந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. அதற்குள் மண்ணில் விதை சேர்ந்திருக்கும்.

டிரில்லியம் போன்ற நிழல் பூக்களின் பாடு வேறு. அவற்றின் விதைகளைப் பெரும்பாலும் எறும்புகள்தான் சுமந்துபோகும், அதுவும் பொதுவாகச் சில மீட்டர்தான். முளைத்துப் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் அடுத்த பேரிடர் வந்து இளஞ்செடிகளை அழித்தால், அந்தத் தலைமுறை விதையே விடாமல் போய்விடும்.