மனவடு: மாயாவியின் கை மட்டும் ஏன் மறைவதில்லை?

பக்கத்து வீட்டுப் பிள்ளை நாகர்கோவிலில் உளவியல் படிக்கிறாள். போன வாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சூப்பர் ஹீரோக்களை வைத்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். "பேட்மேனுக்கு ட்ராமா மாமா. சின்ன வயசுல அப்பா அம்மாவ கண்ணு முன்னால வச்சே சுட்டுட்டான்" என்றாள். மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஆச்சி தலையை நிமிர்த்தினாள். "டிராமாவா? நாடகக்காரனா மக்ளே அவன்?"

ஆச்சியைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை சொன்ன 'ட்ராமா' மனத்தில் பட்டு ஆறாமல் கிடக்கும் காயம்; அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் இங்கே கேள்வி. தமிழில் எழுதினால் 'ட்ராமா'வுக்கும் 'டிராமா'வுக்கும் ஒரு புள்ளியும் ஒரு கொக்கியும்தான் வித்தியாசம். இரண்டுமே கிரேக்க வழி வந்தவை. 'டிராமா'வுக்குச் செயல் என்று பொருள், 'ட்ராமா'வுக்குப் புண். உள்ளுக்குள் நொறுங்கிக் கிடப்பவனைப் பார்த்து நம் ஊர் முதலில் சொல்வதும் "டிராமா போடாதே" என்பதுதான்.

கிரேக்கத்தில் 'ட்ராமா' முதன்மையாக உடம்பில் பட்ட புண்ணைக் குறித்தது. மனத்துக்கு அந்தச் சொல் ஏறியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ரயில் விபத்தில் சிக்கியவர்கள் பலருக்கு உடம்பில் பெரிய காயம் எதுவும் இருக்காது. ஆனால் தூக்கம் போயிருக்கும், கை நடுங்கும். 1889இல் ஹெர்மன் ஓப்பன்ஹைம் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்தப் புண்ணின் பெயரையே நரம்புக் கோளாறு ஒன்றுக்கு வைத்து நூல் எழுதினார். முதல் உலகப் போரின்போது, 1915இல், சார்லஸ் மையர்ஸ் 'ஷெல் ஷாக்' (குண்டு அதிர்ச்சி) என்ற பெயரை மருத்துவ ஏட்டில் கொண்டுவந்தார். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் போராட்டத்துக்கும் பிறகு, 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவக் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றது.

தமிழில் இதற்குப் பெரும்பாலும் 'அதிர்ச்சி' என்றே எழுதுகிறோம். எனக்கு அது ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல பேட்மேனைவிட நமக்கு நெருக்கமான ஒருவர் இருக்கிறார். 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர் கதைதான்: இரும்புக்கை மாயாவி. பிறப்பால் ஆங்கிலேயர், 1962இல் 'வேலியண்ட்' என்ற லண்டன் வார இதழில் உருவானவர். ஆய்வுக்கூட விபத்தில் வலது கை போய், அங்கே உருக்குக் கை பொருத்தப்படுகிறது. பிறகு ஒருநாள் மின்சாரம் பாய்கிறது, ஆள் மறைந்துவிடுகிறார். ஆனால் கை மறைவதில்லை. உடம்பு முழுக்க இல்லாமல் போனாலும், எந்த இடத்தில் அடிபட்டதோ அது மட்டும் காற்றில் மிதந்துகொண்டு நிற்கும். பள்ளிக்கூட நாளில் அதை வேடிக்கையாகத்தான் பார்த்தேன்.

மாயாவிக்கு அதிர்ச்சி என்பது மின்சாரம். பிளக்கில் விரலை வைத்தால் வரும், சற்று நேரத்தில் வடிந்துவிடும். கை அப்படியல்ல, வடிவதே இல்லை. நாம் பெயர் தேடுவது அந்தக் கைக்கு. லாட்டரி விழுந்தாலும் அதிர்ச்சிதான், கேஸ் விலை ஏறினாலும் அதிர்ச்சிதான். நடந்த கணத்தைச் சொல்லும் சொல், நடந்து முடிந்து இருபது வருடம் கழித்தும் போகாமல் கிடப்பதைச் சொல்லாது.

அதற்கான சொல் குறளில் இருக்கிறது. "தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு." பள்ளியில் ஒப்பித்த குறள் என்பதால் அதில் ஒரு முடிச்சு இருப்பதைக் கவனிக்காமல் போய்விடுகிறோம். நம் பேச்சில் வடு என்றால் ஆறிப்போன காயத்தின் தடம். குறளிலோ ஆறுவது புண், ஆறாதது வடு. பரிமேலழகர் இதைத் தொட்டுக் காட்டுகிறார்: ஆறிப்போவதால் முன்னதைப் புண் என்றும், ஆறாது கிடப்பதால் பின்னதை வடு என்றும் வள்ளுவர் சொன்னாராம். மேல்தோல் மூடியிருக்கும், உள்ளே ஆறியிருக்காது. கிரேக்கச் சொல்லில்கூட இந்த நுணுக்கம் இல்லை, அது வெறும் புண்ணோடு நின்றுவிடுகிறது.

இதில் 'மன'த்தைச் சேர்த்து 'மனவடு' என்று புழங்கியவர்கள் ஈழத்து உளநலத் துறையினர். போர் நடுவே அவர்களுக்கு இந்தச் சொல் அன்றாடம் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் இதை எடுத்துக்கொள்ள நமக்கு என்ன தயக்கமோ தெரியவில்லை.

ஒரு மறுப்பு வரலாம். வடுவுக்குப் பழி, குற்றம் என்றும் பொருள் உண்டு. "வடுவன்று வேந்தன் தொழில்" என்ற குறளில் அந்தப் பொருள்தான். பாதிக்கப்பட்டவர்மேல் பழி ஏற்றும் சொல் ஆகிவிடாதா? ஆகலாம். ஆனால் தன்மேல் தவறு இல்லாதபோதும் தான்தான் குற்றவாளி என்று நினைப்பது இந்த நோயோடு அடிக்கடி ஒட்டிவரும் ஒன்று. அந்த வகையில் வடுவின் இன்னொரு பொருளும் பொருத்தமாகவே இருக்கிறது. ஸ்பைடர்மேன் இதற்குப் பக்கத்தில் வருவான். 1962இல் வந்த அவன் முதல் கதையிலேயே, கண்முன் ஓடிய திருடனைப் பிடிக்காமல் விடுகிறான், பிறகு அதே திருடன் அவன் பெரியப்பாவைக் கொல்கிறான். அவனைத் துரத்துவது கண்ட காட்சியைவிட, செய்யாமல் விட்ட செயல்.

ஆச்சியிடம் பேட்மேன் கதையை முழுதாகச் சொன்னோம். முதலில் வந்தது 1939 மே மாத இதழில். பெற்றோர் கொலையுண்ட கதையைச் சொன்னது அதே வருடம் நவம்பர் இதழில். கேட்டுவிட்டு, "அப்ப வாதைன்னு சொல்லு" என்றாள்.

அகராதியில் வாதை என்றால் வேதனை. வடமொழி 'பாதா'விலிருந்து வந்தது. எகிப்தின்மேல் விழுந்த பத்து வாதைகளை எங்கள் ஊரில் வேதக்கோயில் போகிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் நாஞ்சில் நாட்டில் வாதை ஓர் ஆளும்கூட. கொலையுண்டவர்கள், அகாலத்தில் செத்தவர்கள் வாதையாக நின்று மனிதரைப் பிடிப்பார்கள் என்பது நம்பிக்கை. அவர்களுக்குக் கொடை கொடுத்து, வில்லுப்பாட்டில் அந்தச் சாவைத் தொடக்கத்திலிருந்து பாடுவார்கள். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் முப்பந்தலில் இருக்கும் இசக்கியும் கொலையுண்ட பெண்தான் என்கிறது கதை. அநியாயமாகச் செத்தவள் ஆற்றலோடு எழுந்து வந்தாள். சூப்பர் ஹீரோ பிறக்கும் கதைக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

ஆனால் வாதையை நேரடி நிகர்ச்சொல்லாக வைக்க மாட்டேன். சிகிச்சை தேடவேண்டியவரை மந்திரிக்கக் கூட்டிப்போக அது வழிகாட்டிவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் இந்தச் சொல் துல்லியம்: அது ஆளுக்குச் சொந்தமில்லாதது போல, தானாக வந்து பிடிக்கும். ஞாபகத்துக்கு எங்கள் ஊர்ச்சொல் ஓர்மை. மனவடு என்பது விளிக்காமலே வாற ஓர்மை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்த குளச்சலில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. வீட்டில் யாராவது பாத்திரத்தை இழுக்கும் சத்தம் கேட்டால் இன்றும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். பயந்தாங்கொள்ளி இல்லை, ஒக்கிப் புயல் அடித்த 2017இல் ஆள் தேடிப் போன படகுகளில் அவருடையதும் ஒன்று.

பிள்ளையின் கட்டுரையில் நான் அடித்து நீக்கிய ஒரே வரி, 'அடிபட்டதால்தான் வீரன் ஆனான்' என்பது. பழந்தமிழில் அதற்கு வேறு பெயர்: விழுப்புண், போர்க்களத்தில் முகத்திலும் மார்பிலும் ஏற்கும் பெருமைக்குரிய புண். சூப்பர் ஹீரோ கதைகள் மனவடுவை விழுப்புண்ணாக்கி விற்கின்றன. குளச்சல்காரர் ஒக்கியில் போனதற்குக் காரணம் சுனாமி இல்லை, அதற்கு முன்னும் அவர் அப்படித்தான். ஹல்க் பரவாயில்லை. 1985இல் வந்த கதையில், அந்தப் பச்சைக் கோபத்துக்கு அடியில் அப்பனிடம் அடிவாங்கிய ஒரு பையன் இருப்பதைக் காட்டினார்கள். அங்கே ஆற்றலைப் பார்த்துக் கைதட்டத் தோன்றாது.

ஆஸ்பத்திரி வாசலில் 'ட்ராமா கேர்' என்று பலகை இருந்தால் அங்கே மனவடு பொருந்தாது, அது விபத்தில் அடிபட்டவர்களுக்கான இடம். அதற்கு நம் பத்திரிகைகள் தினமும் எழுதும் 'படுகாயம்' போதும்: படுகாயப் பிரிவு. ஆச்சிக்கும் அது புரிந்தது.