அதைப்பு: வீங்கிய காலுக்கும் பயந்த நெஞ்சுக்கும் உரிய சொற்கள்

"மனே, காலைப் பாரு. அதைச்சுப் போய்க் கிடக்கு. செருப்புக் கொள்ளுதில்ல."

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் என் பெரியம்மா ஒரு பின்னேரம் இப்படிச் சொன்னா. கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இரண்டு காலிலும் அப்படித்தான். பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளை ஃபோனில் தேடிவிட்டு, "ஹார்ட் ஃபெயிலியராம் பெத்தா" என்று வாசித்தது. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, காணி உறுதி எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினா.

ஒரே பின்னேரத்தில் அந்த வீட்டுக்குள் இரண்டு சொற்கள் புழங்கின. ஒன்று அவவின் தாய் வழியாக வந்தது. கண்டதை அச்சொட்டாகச் சொன்னது. மற்றது ஃபோன் வழியாக வந்தது; இன்னும் யாரும் காணாத ஒன்றைச் சொல்லி அவவைச் சாவுக்கு ஆயத்தப்படுத்தியது. இந்த இரண்டையும் எடுத்து வைத்துப் பார்க்காமல் எனக்கு நித்திரை வரவில்லை.

முதலில் பெரியம்மாவின் சொல். அதைத்தல் என்பதற்கு அகராதியில் வீங்குதல் என்றே பொருள் இருக்கும். ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சில் அதற்கும் வீக்கத்துக்கும் வித்தியாசம் உண்டு. புண் பழுத்தால் வீங்கும். கால் சுளுக்கினால் வீங்கும். குளவி கொட்டினால் வீங்கும். இவற்றுக்கு யாரும் அதைச்சிருக்கு என்று சொல்வதில்லை. அழுதழுது முகம் அதைக்கும். நித்திரை கூடிப்போனாலும் கண்மடல் அதைக்கும். வயதானவர்களுக்குப் பின்னேரத்தில் கால் அதைக்கும். சூடும் சிவப்பும் குத்தும் இல்லாமல், தோலுக்குக் கீழே நீர் கோத்து மெத்தென்று உப்பிக்கொள்வதுதான் அதைப்பு. அழுத்தினால் குழி விழுவதும் அதனால்தான்: விரல் நீரை விலக்குகிறது, விலகிய நீர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. மருத்துவர்கள் எடிமா என்று எழுதுவது இதைத்தான். அதற்குத் தமிழ்ச் சொல் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. அதைப்பு என்று எழுதினால் போதும்.

வீங்குதல் இன்னும் அகன்ற சொல். அது ஒரு காலத்தில் நோயின் சொல்லே அல்ல. பெருகுதல், பூரித்தல் எல்லாம் அதற்குள் அடக்கம். 1233ஆம் குறளில் 'மணந்தநாள் வீங்கிய தோள்' வருகிறது. கூடியிருந்த நாளில் மகிழ்ச்சியால் பூரித்த தோள் அது. இப்படிப்பட்ட பரந்த சொல்லை 'கால் வீக்கம்' என்று எல்லா வகைக்கும் பொதுவாக வைத்தால், சுளுக்கும் நீர்க்கோர்ப்பும் ஒரே பெயருக்குள் ஒளிந்துகொள்ளும். வைத்தியருக்கு முன்னால் "கால் வீங்கியிருக்கு" என்பதைவிட "கால் அதைச்சிருக்கு, அமத்தினாக் குழி விழுது" என்பது எவ்வளவோ மேல்.

நாட்டு வைத்தியத்தில் இதற்கு இன்னொரு பெயர், சோபை. வடமொழியில் வீக்கத்தைக் குறிக்கும் சோஃப என்ற சொல்லிலிருந்து வந்தது. அழகு, ஒளி என்ற பொருளில் வரும் சோபை வேறொரு வடமொழிச் சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதற்கு மேல், இரத்தம் குறைந்து வெளிறுவதைச் சொல்லும் சோகையும் ஓசையில் பக்கத்தில் வந்து நிற்கிறது. கடுமையான சோகையில் காலும் அதைக்கலாம் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். சோபையை ஏட்டோடு விட்டுவிடலாம் என்பதே என் எண்ணம்.

எடிமா கிரேக்கச் சொல், வீங்குதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. கிரேக்கக் கதைகளில் வரும் ஈடிப்பஸ் மன்னனின் பெயரிலும் அதே வேர்தான்; குழந்தையில் கணுக்காலைத் துளைத்துக் கட்டி மலையில் விட்டதால் 'வீங்கிய பாதத்தான்' என்று பெயர் வந்ததாம். ஆங்கிலத்தில் பழைய பெயர் டிராப்சி. கிரேக்கத்தில் நீரைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த ஹைட்ரோப்ஸ் தேய்ந்து தேய்ந்து அப்படியாயிற்று. அந்தக் காலத்தில் டிராப்சி என்பதே நோயின் பெயர். அதற்கு அப்பால் யாரும் காரணம் கேட்பதில்லை. 1775இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவரிடம், ஷ்ரொப்ஷயரில் ஒரு மூதாட்டி இரகசியமாக வைத்திருந்த டிராப்சி மருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூலிகை சேர்ந்த அந்தக் கலவையில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் என்ற ஒரு செடிதான் என்று அவர் கண்டுபிடித்தார். பத்து வருடம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1785இல் எழுதி வெளியிட்டார். அந்தச் செடி இனத்திலிருந்து எடுக்கும் டிகாக்சின் இன்றும் இருதய நோயாளிகள் சிலருக்குக் கொடுக்கப்படுகிறது. அளவு கொஞ்சம் தப்பினாலும் அதுவே நஞ்சு. 1827இல் ரிச்சர்ட் பிரைட் என்ற லண்டன் மருத்துவர், டிராப்சி வந்து இறந்தவர்களில் பலருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்ததைக் காட்டினார். அதன் பிறகுதான் அந்தச் சொல் உடைந்தது: நீர் கோப்பது நோயல்ல, நோயின் அடையாளம், அடையாளத்துக்குப் பின்னால் இருதயம் இருக்கலாம், சிறுநீரகம் இருக்கலாம், ஈரலும் இருக்கலாம்.

பேரப்பிள்ளை ஃபோனில் வாசித்தபோது நடந்தது இதன் மறுதலை. உடைந்த சொல்லை அது திரும்ப ஒட்டிவிட்டது. கால் அதைப்பு என்றால் ஹார்ட் ஃபெயிலியர்.

இனி அந்தச் சொல். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் "ஹார்ட் ஃபெயில் ஆகிப் போயிட்டார்" என்றால் ஒருவர் திடீரென்று இறந்துவிட்டார் என்று பொருள். ஃபெயில் என்பதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தோம். சோதனையில் ஃபெயில் என்றால் கதை முடிந்தது. மருத்துவர்கள் அதை இந்தப் பொருளில் சொல்வதே இல்லை. திடீரென்று இருதயம் நின்றுபோவது இருதய நிறுத்தம். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. மார், அடைப்பு என்று உள்ளதை உள்ளபடி சொல்லும் நல்ல சொல். ஹார்ட் ஃபெயிலியர் இவை இரண்டும் அல்ல. உடம்புக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இருதயத்தால் தள்ள முடியாத நிலை அது. இருதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, தள்ளும் பலம்தான் போதவில்லை. மருந்தோடும் கவனத்தோடும் அந்த நிலையில் வருடக்கணக்காக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஃபெயில் லத்தீனில் ஏமாற்றுதல் என்ற வினையிலிருந்து, பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஏமாற்றுவது, பிறகு எதிர்பார்த்தது கிடைக்காமல் போவது, பிறகு போதாமல் போவது. எங்கள் வயற்காரர் இதே பாதையில் எப்போதோ நடந்துவிட்டார்கள்: மழை பொய்த்தது. 13ஆம் குறளும் 'விண்இன்று பொய்ப்பின்' என்கிறது. மழை பொய்த்தால் வானம் இல்லாமல் போவதில்லை. வரவேண்டிய அளவு வரவில்லை, அவ்வளவுதான். விவசாயி குளத்துத் தண்ணியைப் பங்கிட்டு, விதைப்பைக் குறைத்து, போகத்தைக் காப்பாற்றப் பார்ப்பார். இருதயம் பொய்ப்பதும் அப்படித்தான்.

அப்படியிருக்க நாங்கள் எழுதும் தமிழ் என்ன? இதயச் செயலிழப்பு. இழப்பு என்றால் போய்விட்டது. கையிழந்தவர், உயிரிழந்தவர், செயலிழந்த இதயம். ஆங்கிலச் சொல்லில் இருக்கும் பயத்தைவிடத் தமிழ்ச் சொல்லில் கூடுதல் பயம். கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழாக்கிச் சொல்லும் பிள்ளைகள் தாய் தகப்பனிடம் இந்தச் சொல்லைத்தான் கொண்டுபோகிறார்கள். இருதயத் தளர்ச்சி என்று சிலர் எழுதுகிறார்கள். பொருள் அருகில் வருகிறது, ஆனால் நரம்புத் தளர்ச்சி விளம்பரங்கள் அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டன. என் தெரிவு இருதயத் திறன்குறைவு. திறன் இருக்கிறது, குறைந்திருக்கிறது. எவ்வளவு குறைந்தது, கூட்டலாமா என்று அடுத்த கேள்வியைக் கேட்கவும் அது இடம் வைக்கிறது. இதயமும் இருதயமும் ஒரே வடமொழிச் சொல்லின் இரண்டு வடிவங்கள். எங்கள் ஊரில் இருதயம்தான் வாயில் வரும், அதனால் அதையே வைத்துக்கொள்கிறேன். 1936இல் சென்னையில் கலைச்சொல் ஆக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். அவர் மண்ணில் இருந்துகொண்டு ஒரு நோய்க்குச் சரியான பெயர் கேட்பது அதிகப்படியான ஆசை அல்ல.

திறன் குறைந்தால் ஏன் காலில் நீர்? மாரியில் முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தால் எங்கள் வாவி என்ன செய்யும் என்று வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பிள்ளைகளுக்குத் தெரியும். கடலுக்குப் போக முடியாத தண்ணி பின்னுக்கு ஏறி, கரையைத் தாண்டி, வயலுக்குள் வந்து நிற்கும். இருதயத்தில் வாய் மூடுவதில்லை, முன்னுக்குத் தள்ளும் விசை குறைகிறது. ஆனால் பின்னுக்கு நடப்பது ஒன்றுதான். திரும்பி வரும் இரத்தம் நாளங்களில் தேங்கும், அழுத்தம் ஏறும், நீர் நாளச் சுவரைத் தாண்டித் தோலுக்குக் கீழே கசியும். பள்ளம் கணுக்கால் என்பதால் முதலில் அங்கே தெரியும். அதோடு, இரத்தம் குறைவாக வருவதால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று சிறுநீரகம் நினைத்து, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கும். அதனால்தான் வைத்தியர் கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்கச் சொல்கிறார். சலம் போகிற குளிசையும் தருகிறார். அட்டைகளில் வரும் கன்ஜெஸ்டிவ் என்ற சொல்லுக்கு இந்தத் தேக்கம்தான் பொருள்.

காலில் தேங்குவது நெஞ்சிலும் தேங்கும். சம்மாந்துறையில் எனக்குப் பழக்கமான ஒரு காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), "வயல்ல நிண்டு நிண்டு வந்த வீக்கம் தம்பி" என்று பல மாதம் காலைத் தடவிக்கொண்டு திரிந்தார். எண்ணெய் பூசினார். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "ராவைக்குச் சரிஞ்சு படுக்க ஏலா, முட்டுது, மூணு தலகாணி வேணும்" என்றார். அந்த இரண்டாவது வசனம்தான் நோயைச் சொன்னது. அதைப்போடு இளைப்பும் சேர்ந்தால், படுத்தால் கூடி எழும்பி இருந்தால் குறைந்தால், நடுச்சாமத்தில் மூச்சு முட்டி விழிப்பு வந்தால், காத்திருக்கக் கூடாது. காக்காவுக்கு எக்கோ என்ற இருதய ஸ்கேன் எடுத்தபோது இருதயம் பலவீனப்பட்டிருந்தது. அறிக்கையில் ஈ.எஃப். 35 என்று இருந்தது. வீட்டில் எல்லாரும், "நூறில 35தான் வேலை செய்யுது" என்று அழுதார்கள். இங்கேயும் ஒரு சொல் குழப்பம். அந்த எண் ஒவ்வொரு அடிப்பிலும் இருதயத்தின் இடது கீழறை தனக்குள் இருக்கும் இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது என்பது. வெளித்தள்ளு வீதம் என்று சொல்லலாம். நல்ல இருதயமும் நூறைத் தள்ளுவதில்லை. ஏறக்குறைய 55 முதல் 70 வீதம்தான். 35 குறைவுதான், சந்தேகமில்லை. ஆனால் அது வாழ்க்கையில் மிஞ்சியிருக்கும் பங்கு அல்ல. சிலருக்கு இந்த எண் சரியாக இருந்தும் இருதயம் இறுகி, திறன்குறைவு வருவதுண்டு.

பெரியம்மாவுக்கு இளைப்பு இல்லை. தட்டையாகப் படுத்து நித்திரை கொள்கிறா. ஈ.சி.ஜி., எக்கோ, சலப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. வைத்தியர் குளிசைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பிரஷருக்குக் கொடுத்திருந்த அம்லோடிபைனில் நிறுத்தினார். அந்த மருந்து சிலருக்குக் கணுக்காலை அதைக்க வைக்கும், அளவு கூடும்போது இன்னும் கூடுதலாக. அவர் வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார். அவர் மாற்றினார் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தாங்களாகவே பிரஷர் குளிசையை நிறுத்தியவர்களின் கதை வேறு.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுநேரம் காலைத் தொங்கவிட்டு இருந்தால், நாளங்கள் தளர்ந்தால், சிறுநீரகமோ ஈரலோ கெட்டால் கால் அதைக்கும். கர்ப்பிணிக்கு முகமும் கையும் சேர்ந்து திடீரென்று அதைத்தால் உடனே பிரஷர் பார்க்க வேண்டும். யானைக்கால் என்ற பயம் சிலருக்கு இன்னும் உண்டு. அந்த நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிக்கப்பட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்துவிட்டது. ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அது அதைப்பு அல்ல என்றே முதலில் நினைக்க வேண்டும்: நாளத்துக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். நெஞ்சு நோவோ கடும் மூச்சுத்திணறலோ சேர்ந்தால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சம்மாந்துறைக் காக்கா இப்போது விடிய எழும்பி, சலம் போய்விட்டு, சாப்பிட முன் நிறை பார்க்கிறார். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையல்ல, நீர் என்று அவருக்குத் தெரியும். முன்பு கிளினிக் நாளில், பஸ்ஸில் அந்தரப்படக் கூடாது என்று சலக் குளிசையை விட்டுவிட்டுப் போவார். இப்போது எந்த நேரம் போடலாம் என்று வைத்தியரிடமே கேட்டு வைத்திருக்கிறார். போன மாதம் நானும் கூடப் போயிருந்தேன். அங்கே புதிதாக வந்திருந்த இளம் டொக்டர் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"அதைப்பு வடிஞ்சிரிக்கி டொக்டர்."

"அதைப்பு எண்டா?"

காக்கா சாரத்தைக் கொஞ்சம் தூக்கி, கணைக்கால் எலும்பின் மேல் பெருவிரலை வைத்து அமத்தி, எடுத்துக் காட்டினார். குழி விழவில்லை. டொக்டர் குனிந்து பார்த்துவிட்டு அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.