சீர் வேறு, பங்கு வேறு

"நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சு. இன்னும் என்ன பங்கு?"

திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று டெல்டாவில் எந்த ஊர் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு நடந்தாலும் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கூடவே, "இதெல்லாம் பெண்ணியம் பேசறவங்க கெளப்பி விட்டது" என்றும் சொல்வார்கள். பங்கு கேட்டு வந்த அந்த அம்மா பெரும்பாலும் அந்தச் சொல்லையே தன் வாயால் சொல்லியிருக்க மாட்டார். அப்பா நிலத்தில் அண்ணனுக்கு உள்ளது தனக்கும் உண்டா என்று கேட்கிறார், அவ்வளவுதான். பெண்ணியம் என்பதும் இந்தக் கேள்விதான். ஆணை வெறுப்பது, குடும்பத்தைக் கலைப்பது, பட்டணத்துப் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்றெல்லாம் அதன்மேல் ஏற்றிவைத்த பிறகு, கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியமே யாருக்கும் இல்லாமல் போய்விடுகிறது.

இது வெளியூர்ச் சரக்கு என்பவர்கள் இந்த மண்ணையே கொஞ்சம் பார்க்கலாம். தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாள் முழுக்கப் போராடிய இராமாமிர்தம் அம்மையாரின் பெயரோடு ஒட்டியிருக்கும் மூவலூர், மயிலாடுதுறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விதவைக் கோலத்தை உதறி, முடியை வெட்டி, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு பண்ணையாட்களோடு கூலிக்காக நின்றவர் மணலூர் மணியம்மாள். பெண்ணுக்கும் சமச் சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929இல். வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு இந்தப் பக்கம் வந்து வேலை செய்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், நிலமற்ற குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்த நிலத்தைப் பெண்கள் பெயரில்தான் எழுதிக் கொடுத்தார்.

இனி கணக்குக்கு வருவோம். ஒருவருக்கு 16 மா நிலம். மூன்று மா ஓர் ஏக்கர் என்ற நம் ஊர்க் கணக்கில் ஐந்தேகால் ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். நிலம் அவர் சுயமாகச் சம்பாதித்தது என்றால் நான்கு பேருக்கும் தலைக்கு 4 மா. பூர்வீகம் என்றால் முதலில் அப்பா, இரண்டு மகன்கள், மகள் என்று நாலு பாகம், பாகத்துக்கு 4 மா. பிறகு அப்பாவின் 4 மா, மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு மாவாகப் பிரியும். ஆக மகன்களுக்கு ஆளுக்கு 5 மா, மகளுக்கும் 5 மா, அம்மாவுக்கு 1 மா. இறந்தவரைப் பெற்ற தாயார் உயிரோடு இருந்தால் அப்பாவின் பாகத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழ் மனுவில் அந்தப் பாட்டியின் பெயர் விடுபடுவது உண்டு. கட்டிக்கொடுத்த மகளுடையதும்தான்.

இது இந்து வாரிசுரிமைச் சட்டப்படியான கணக்கு. நாகூர், கூத்தாநல்லூர் இஸ்லாமியக் குடும்பங்களுக்கும், வேளாங்கண்ணிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் சட்டம் வேறு.

"எனக்கு 85லயே கல்யாணம் ஆயிடுச்சு, எனக்குக் கெடையாதாமே" என்று அறுபது வயதுப் பெண்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். அவர்கள் காதில் விழுந்தது பழைய சட்டம். தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தம் அந்த வருடம் மார்ச் 25க்கு முன் மணமான மகள்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பூர்வீகச் சொத்து 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பாகமாகியிருந்தாலோ, விற்கப்பட்டிருந்தாலோ அதைத் திரும்பக் கிளற முடியாது. "வாய்மொழியா எப்பவோ பிரிச்சுட்டோம்" என்று சொன்னால் அதைச் சாதாரணமாக ஏற்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அப்பா தன் சுயசம்பாத்தியத்தை மகன்களுக்கு மட்டும் உயில் எழுதி வைத்துவிட்டால், அந்த உயில் செல்லுபடியானது என்றால், மகள் அதில் பங்கு கேட்க வழியில்லை.

சீரைப் பங்கில் கழிக்கச் சட்டத்தில் எங்கேயும் இடமில்லை. அண்ணன் கல்யாணத்துக்கும்தான் பந்தல் போட்டார்கள், அவரைப் படிக்கவைக்கப் பணம் கட்டினார்கள். அதையெல்லாம் அவர் பங்கில் யாரும் கழிப்பதில்லையே. பெண்ணுக்குப் போட்ட நகை அவளுக்கே சொந்தம் என்பதை 1985லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை வீடு கேட்டு வாங்கியது என்றால் அதன் பெயர் வரதட்சணை. 1961 முதல் அது குற்றம்.

பங்கு கைவிட்டுப் போகும் இடம் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகம். கருமாதி முடிந்த சூட்டோடு சூடாகப் பேச்சு வரும்: "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ." காரில் கூட்டிப் போவார்கள். பத்திரம் முன்பே அடித்துத் தயாராக இருக்கும். முதல் பக்கங்களில் யார் யாருக்குப் பிறந்தவர் என்ற விவரமும் சர்வே எண்களும். அதற்குப் பிறகுதான் அந்த வரி வரும்: "எனக்குரிய பாகத்துக்கு ஈடாக ரூபாய் இவ்வளவு ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு விடுதலை செய்து கொடுக்கிறேன். இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது." ரூபாய் கைக்கு வந்திருக்காது. போட்டோ எடுப்பார்கள், கைரேகை வைப்பார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். திரும்பும் வழியில் அண்ணன் ஒரு புடவை எடுத்துக் கொடுப்பார்.

பட்டா மாற்றுவதற்கு, இப்படிப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தேவையே இல்லை. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்து எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா கேட்டு மனுப் போடலாம். பிரித்தே ஆகவேண்டும் என்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறது. செலவைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலை ஆனாலும் பாகப்பிரிவினை ஆனாலும் 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். இரண்டுக்கும் ஒரே அளவுதான் என்பதால் அந்தச் சாக்கு நிற்காது.

கையெழுத்துப் போடுகிற பெண் ஏமாளி என்று நினைக்க வேண்டாம். அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. புருஷன் கை ஓங்கினால் ராத்திரியில் போய்க் கதவு தட்ட ஒரு வீடு வேண்டும், அது பொறந்த வீடு மட்டும்தான். ஐந்து மா நிலத்தைக் கொடுத்து அந்தக் கதவு திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்கிறார். இந்தப் பயத்தைப் புரிந்துகொள்ளாமல் "ஏன்மா கையெழுத்துப் போட்டே" என்று அதட்டுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் செய்து 2005இல் வெளிவந்த ஆய்வில், நிலமோ வீடோ இல்லாத மனைவிகளில் 49 சதவீதம் பேர் அடி வாங்கியிருந்தார்கள். நிலம் மட்டும் வைத்திருந்தவர்களில் 18, வீடு மட்டும் வைத்திருந்தவர்களில் 10, இரண்டும் வைத்திருந்தவர்களில் 7 சதவீதம். போக இடம் இருப்பவளை அடிக்கக் கை யோசிக்கிறது. அடிக்குப் பயந்து நிலத்தை விட்டுக்கொடுத்தால், அடியிலிருந்து காக்கும் ஒன்றையே விட்டுக்கொடுத்ததாகிவிடுகிறது.

பட்டாவில் பெயர் இல்லாததால் வேறு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் அறுப்புக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பார்க்கலாம். நிலம் யார் பெயரில், என்ன பயிர் என்று காட்டும் சிட்டா, அடங்கல், கூடவே வங்கிப் புத்தகம் கேட்பார்கள். குறுவைக்கு நாற்றங்கால் விட்டதிலிருந்து மூட்டை கட்டுவது வரை பார்த்தது அந்தப் பெண்ணாக இருக்கலாம். பட்டா மாமனார் பெயரில் இருந்தால் பணம் மாமனார் கணக்குக்குப் போகும். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனும், மத்திய அரசின் பி.எம். கிசான் உதவித்தொகையும், வெள்ள நிவாரணமும் நிலத்துக்கான பேப்பர் இருக்கும் பெயரைத் தேடித்தான் வருகின்றன. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் (ஒருவர் பொறுப்பில் சாகுபடியாகும் நிலம் ஒரு கைப்பற்று) பெண்கள் பெயரில் இருந்தவை சுமார் 14 சதவீதம்.

கோயில், மடத்து நிலங்களில் குத்தகைப் பதிவு அப்பாவுக்குப் பிறகு மூத்த மகன் பெயருக்குப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது. உடலுழைப்புப் போட்டு அந்த நிலத்தைச் சாகுபடி செய்கிற மனைவியோ மகளோ தன் பெயரைக் கேட்கலாம்.

அடுத்த தவறான எண்ணம், சட்டமெல்லாம் பெண்கள் பக்கம் என்பது. மேலே அம்மாவுக்கு 1 மா வந்ததைப் பார்த்தோம். அந்த வயலுக்கு அவர் உழைத்தது யாரைவிடவும் குறைவில்லை. இன்னும் மோசம், பிள்ளை இல்லாத விதவையின் நிலை. அவர் தானே சம்பாதித்த சொத்து, உயில் இல்லாமல் இறந்தால், தன் தாய் தகப்பனுக்கு முன்பாகக் கணவனுடைய வாரிசுகளுக்குப் போகிறது. புகுந்த வீடு துரத்திவிட்ட ஒரு பெண் பிறந்த வீட்டில் இருந்து சம்பாதித்துச் சேர்த்ததுகூட 2009இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் துரத்திய குடும்பத்துக்கே போனது. இதற்குக் கைமருந்து உயில் ஒன்றுதான். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட்டால் போதும். சொத்தை அடைகிறவரையோ அவருடைய மனைவி, கணவரையோ சாட்சியாக வைக்காதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் கை வைப்பது அங்கேதான்.

வீட்டில் சும்மா இருக்கிறாள் என்ற பேச்சுக்கும் பதில் உண்டு. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தம் வீட்டு வேலை செய்யும் பெண்கள் கூலியில்லாமல் அதற்குச் செலவிட்டது நாளைக்கு 289 நிமிடம். வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன ஆண்கள் செலவிட்டது 88 நிமிடம். மனைவியின் வீட்டு உழைப்பும் கணவன் சொத்துச் சேர்க்க உதவியதே, அதில் அவருக்குச் சமப்பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்புச் சொன்னது.

வயல் கூலியிலும் இதே கதைதான். "ஆம்பள வேலை கஷ்டம், அதனால கூலி ஜாஸ்தி" என்பார்கள். முழங்கால் சேற்றில், காலையிலிருந்து குனிந்த முதுகு நிமிராமல் நடவு நடுவதை எந்தக் கணக்கில் லேசான வேலை என்கிறார்களோ தெரியவில்லை. சம வேலைக்குச் சம கூலி 1976லேயே சட்டமாகிவிட்டது. ஆனால் நடவு பெண்ணுக்கு, வரப்பு வெட்டு ஆணுக்கு என்று வேலையைப் பிரித்துவிட்டால் "ஒரே வேலை" என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது. நடவு மிஷினும் அறுப்பு மிஷினும் வந்து முதலில் பறித்ததும் பெண்களின் வேலை நாட்களைத்தான். நிலம்தான் ஆண் பெயரில், மகளிர் குழுக் கடன் மட்டும் பெண் பெயரில். தவணை தவறினால் வாசலில் வந்து நிற்பதும் அவர் பெயரைச் சொல்லித்தான். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

குடும்ப வன்முறைச் சட்டம் என்றாலே விவாகரத்து என்று நினைப்பதும் தவறு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அடிக்காதே என்று உத்தரவு கேட்கலாம், அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமை கேட்கலாம், செலவுக்குப் பணம் கேட்கலாம். கல்யாணம் அப்படியே இருக்கும். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீடு என்றால் சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் வெளியே தள்ள முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருக்கிறது. 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசலாம், அல்லது மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம்.

விடுதலைப் பத்திரத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் உடனே கையை விரிக்க வேண்டாம். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியது என்றால் ரத்து செய்ய வழக்குப் போடலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சிட்டா, அப்பா நிலம் வாங்கிய வருடத்திலிருந்து போட்ட வில்லங்கச் சான்றிதழ், அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகல், இவ்வளவையும் எடுத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் இலவசம். பத்திரத்தில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடக் கெடு ஓடத் தொடங்கிவிடும். அதனால் நகல் கைக்கு வந்த தேதியை அதன் பின்பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.