நீட் தேர்வுக்காக விளையாட்டை நிறுத்த வேண்டாம்

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் பிள்ளையின் விளையாட்டை நிறுத்திவிட்டதாக, மருத்துவரான என்னிடம் வரும் பெற்றோர் பலர் பெருமையாகவே சொல்கிறார்கள். அவர்களிடம் நான், இந்தியக் கால்பந்து அணித் தலைவராக இருந்த டாக்டர் தாலிமெரென் ஆவோவைப் பற்றிச் சொல்வதுண்டு.

நாகா மலைப்பகுதியின் சாங்கி கிராமத்தில் 1918-இல் பிறந்த அவர், தன் மகன் மருத்துவராக வேண்டும் என்று விரும்பிய தந்தையை இளம் வயதிலேயே இழந்தவர். குவாஹாத்தியின் காட்டன் கல்லூரியில் படித்தபோதே கால்பந்தில் பெயர் பெற்று, பின்னர் கொல்கத்தாவில் இன்று ஆர்.ஜி.கர் என்று அழைக்கப்படும் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படித்துக்கொண்டே மோகன் பகான் அணிக்கும் ஆடினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணித் தலைவராகக் களமிறங்கியபோதும் அவர் மருத்துவ மாணவர்தான். பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய அந்த அணி, இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு, பிரான்சிடம் 2-1 என்ற கணக்கில் தோற்றது. எம்.பி.பி.எஸ். பட்டத்தை அவர் பெற்றது 1950-இல், 32-ஆம் வயதில். ஓராண்டு தள்ளிப்போனாலே எல்லாம் போயிற்று என்று கலங்கும் பெற்றோர் இந்த வயதைக் கவனிக்க வேண்டும் என விரும்புகிறேன். பிறகு கொஹிமாவில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய அவர், நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராகவும் உயர்ந்தார்.

எல்லாப் பிள்ளைகளும் அவரைப்போல் ஆட முடியாது என்பது உண்மைதான்; நான் கேட்பது நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள், மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. காலை டியூஷன், பள்ளி, மாலை பயிற்சி வகுப்பு என்று உட்கார்ந்தே இருக்கும் மாணவர்கள் கழுத்து வலி, தலைவலி, தூக்கமின்மை, எடை கூடுதல் ஆகியவற்றுடன் என்னிடம் வருகிறார்கள். மாணவிகள் சிலருக்கு எடை கூடியதோடு மாதவிடாயும் ஒழுங்கற்றுப் போகிறது. எலும்பு தன் வலிமையின் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்வது இருபது வயதுக்குள்தான் என்பதால், தேர்வு முடிந்தபின் ஆடிக்கொள்ளலாம் என்ற கணக்கு உடலுக்குப் பொருந்தாது. ஓடி ஆடிய பிள்ளை இரவில் நன்றாகத் தூங்குகிறது. படித்தது மனத்தில் நிற்க அந்தத் தூக்கம் அவசியம்.

ஆனால், ஆட்டத்தின் நடுவே பிள்ளை மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, நெருங்கிய உறவினர் எவரேனும் இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலோ, இதய மருத்துவர் பார்த்து இ.சி.ஜி., எக்கோ பரிசோதனைகளை முடிக்கும்வரை பிள்ளையைக் களத்தில் இறக்கக் கூடாது.