பழைய கணக்கை மூடும் முன் பாஸ்புக்கை ஒரு வருடம் பின்னால் புரட்டுங்கள்

போன மாதம் எங்கள் திருப்பூர் அலுவலகத்துக்கு ஒரு கட்டிங் மாஸ்டர் வந்திருந்தார். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் பல வருடம் இருந்துவிட்டு வேறு கம்பெனிக்கு மாறியவர். அவர்கள் சொன்ன வங்கியில் புதுச் சம்பளக் கணக்கு ஆரம்பித்தார். பழைய கணக்கில் சில நூறு ரூபாயை மட்டும் விட்டுவிட்டு அதை மறந்தே போனார். அந்தக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த பைக் கடன் டியூ, பணம் போதாமல் இரண்டு மாதம் திரும்பிவிட்டது.

"பணமெல்லாம் இருந்துச்சுங்க சார். இந்த பேங்க்ல இருந்துச்சு, அவங்க அந்த பேங்க்ல போய் கேட்டிருக்காங்க" என்றார்.

பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். டியூ திரும்பியதற்கு இரண்டு முறை கட்டணம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கடன் கொடுத்தவர்கள் போட்ட அபராதம் இதில் தெரியாது, அது கடன் கணக்கில் ஏறியிருக்கும். செக் திரும்பினால் கேஸ் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆட்டோ டெபிட் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டு பணப்பட்டுவாடா சட்டத்தின் 25-ஆவது பிரிவில் வழக்குப் போட இடமிருக்கிறது.

எனக்குப் பயம் வந்தது இன்னும் சில பக்கம் புரட்டியபோதுதான். பதினோரு மாதத்துக்கு முன் டெபிட் கார்டில் போன ஒரு தொகை. குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டு பிரீமியம். அடுத்த மாதம் மறுபடி போக வேண்டியது, அவருக்கு நினைவே இல்லை. டியூ திரும்பினால் ஆள் வீட்டுக்கே வந்துவிடுவார். பாலிசி விட்டுப்போனால் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் தெரியும். பிரீமியம் கட்டத் தரும் 30 நாள் சலுகையும் தாண்டிவிட்டால், சர்க்கரை, பிரஷர் போன்ற பழைய நோய்களுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

காப்பீட்டு பிரீமியத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை ஓ.டி.பி. கேட்காமலே கார்டில் எடுக்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. மற்ற பலவற்றுக்கு 15,000. எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். ஆனால் அது பழைய வங்கியில் பதிந்த நம்பருக்குத்தான் வரும். சிம் மாற்றியவருக்கு அதுவும் கிடையாது.

வங்கி மாறினால் இதெல்லாம் தானாகப் புதுக் கணக்குக்கு வந்துவிடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். வராது. கார்டில் போவது என்றால் யாருக்குப் பணம் போகிறதோ அவர்களுடைய ஆப்பில் புதுக் கார்டை நாம்தான் பதிய வேண்டும். கடன் டியூ பெரும்பாலும் கார்டில் போவதில்லை, நாச் (NACH) என்ற முறையில் கணக்கிலிருந்தே நேராகப் போகும். அதற்குக் கடன் கொடுத்த நிறுவனத்தில் புது மேண்டேட், அதாவது கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதி, கொடுக்க வேண்டும். கேன்சல் செய்த செக் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். யு.பி.ஐ. ஆட்டோபே என்றால் ஆப்பிலேயே பட்டியல் இருக்கும். புதுக் கணக்கில் திரும்பப் போட்டுவிட்டுப் பழையதை நிறுத்தலாம்.

முதலில் புதியதைப் பதியுங்கள். அதிலிருந்து ஒரு தவணையாவது போனதைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் பழையதை ரத்து செய்யலாம். நடுவில் வரும் மாதத்துக்குப் பழைய கணக்கில் ஒரு டியூ பணம் கிடக்கட்டும். வேண்டாத ஓ.டி.டி. சந்தா ஏதாவது இருந்தால் அதை அவர்களிடமே ரத்து செய்யுங்கள். கணக்கைக் காலி செய்துவிட்டால் சந்தாவும் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

மாஸ்டர் அன்றைக்கே என் மேஜையில் உட்கார்ந்து காப்பீட்டுக்குப் புதுக் கார்டைப் பதிந்துவிட்டார். பைக் கடனுக்கான புது மேண்டேட் இன்னும் ஏறவில்லை. அது ஏறி ஒரு டியூ போகும்வரை பழைய கணக்கை மூட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.