கிரிட்டினிசம்: 'மனுசன்' என்ற சொல் வசவான கதை

பத்தாம் வகுப்பில் தைராய்டு சுரப்பிக் கோளாறுகளின் பெயர்களைக் காய்ட்டர், கிரிட்டினிசம், மிக்ஸிடிமா என்று ஒரே மூச்சில் ஒப்பித்திருப்போம். நடுவில் நிற்கும் சொல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

சுவிட்சர்லாந்தின் வாலே போன்ற ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் கழுத்தில் கழலையோடு, குள்ளமாய், காது கேளாமல், பேச்சு வராமல், அறிவு வளர்ச்சி குன்றிப் பலர் இருந்தார்கள். ஊர்ப் பேச்சில் அவர்கள் 'கிரெத்தேன்'. லத்தீன் 'கிறிஸ்தியானுஸ்' மருவி இப்படியானது என்கின்றன பெரும்பாலான அகராதிகள். அங்கே கிறிஸ்தவன் என்றால் மனிதன். 'இவனும் மனுசன்தான்' என்ற பரிவுச் சொல், நாளடைவில் 'முட்டாள்' என்னும் வசவாகிவிட்டது. (நாமும் சளைத்தவர்களில்லை. புறநானூற்றின் 28ஆம் பாட்டு கூன், குறள் (குள்ளம்), ஊம் (ஊமை), செவிடு என்று குறைகளை அடுக்கிவிட்டு, அதே வரிசையில் 'மா'வையும் சேர்க்கிறது. மா என்றால் விலங்கு!)

நோயின் வேர் மண்ணில் இருக்கிறது. மலை மண்ணில் அயோடின் இல்லையென்றால் விளைச்சலிலும் இல்லை, தாயின் உடம்பிலும் இல்லை. அயோடின் இல்லாமல் தைராய்டு ஹார்மோன் சுரக்காது. கருவின் சொந்தச் சுரப்பி கர்ப்பத்தின் நடுப்பகுதியில்தான் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கும். அதுவரை மூளைச் செல்கள் பெருகுவதும், இடம்பெயர்ந்து தத்தம் அடுக்கில் அமர்வதும் தாய் தரும் ஹார்மோனை நம்பித்தான். அப்போது விட்டதைப் பிறகு பிடிக்க முடியாது.

1966இல் பாப்புவா நியூகினி மலைப்பகுதியில் ஒரு சோதனை தொடங்கியது. ஒரு பிரிவினருக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசி, மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். உப்புநீர்ப் பிரிவில் 26 குழந்தைகளுக்கு இந்நோய். எண்ணெய்ப் பிரிவில் 7. அந்த ஏழில் ஆறு, ஊசி போடும் முன்பே கருவானவை.

தமிழில் என்ன சொல்வது? 'குறள்', 'மந்தம்' என்று ஆளைச் சுட்டும் சொல் எதுவும் வேண்டாம் என்பேன். அதுவும் நாளைக்கு வசவாகும். தவிர, கிரிட்டினிசம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. குழந்தையின் சுரப்பியே பழுதாகப் பிறப்பது ஒன்று. அது 'பிறவித் தைராய்டு குறை'. பிறந்ததும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் என்னும் தைராய்டு ஹார்மோனைக் கொடுத்தால் பெரும்பாலும் பிள்ளை தப்பிவிடும். மற்றது தாயிடமிருந்தே வருவது. அதைக் 'கருக்கால அயோடின் குறை' எனலாம். அதற்கான மருந்து, கரு உண்டாகும் முன்பே வீட்டு உப்பு ஜாடியில் இருந்தாக வேண்டும்.