தேன் மரத்து முளைகளும் சாட்சியம்தான்

பழங்குடியினரின் வன உரிமைக் கோரிக்கைகளைத் தயாரித்துக் கொடுக்கும் வழக்கறிஞரான என்னிடம் மலைக் குடியிருப்புகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "வீட்டுக்குப் பட்டா கிடைக்குமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தனிநபருக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரைதான் தருகிறது. தேனும் குங்கிலியமும் எடுத்து, மீன் பிடித்து, முன்னோரைப் புதைத்து வாழ்ந்த மழைக்காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கே உரிமை தருவது, அதே சட்டத்தின் மூன்றாவது பிரிவு சொல்லும் சமூக வன வள உரிமை. இதற்கு ஹெக்டேர் உச்சவரம்பு கிடையாது. ஊரார் வழிவழியாகப் புழங்கிய எல்லையே அளவு. கேரளத்தின் வாழச்சால் பகுதியில் காடர் உள்ளிட்ட பழங்குடியினரின் ஒன்பது குடியிருப்புகள் 2014இல் ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மீது இவ்வுரிமையைப் பெற்றன. அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்தை எதிர்த்தபோது அவர்கள் முன்வைத்தது இந்த உரிமையைத்தான்.

இதற்கான 'சி' படிவம் சிறியது, கடினமானது ஆதாரம். ஒருமுறை ஊரார் புழங்கும் எல்லையைக் குறிக்க நடந்தபோது, எங்களுக்கு முன்னால் போன முதியவர் ஒரு பெருமரத்தடியில் நின்று, தேனெடுக்க ஏறுவதற்காக அடிமரத்தில் வரிசையாக அடித்திருந்த மூங்கில் முளைகளைத் தடவிக் காட்டினார். கீழே இருந்தவை மட்கிப் பொடிந்தன. மேலே இருந்தவை புதியவை. "கீழது எங்கப்பா அடிச்சது, மேலது நான் அடிச்சது" என்றார். ஜிபிஎஸ் கருவியில் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வாங்கினேன்.

சில மாதங்களில், செயற்கைக்கோள் வரைபடம் இல்லை என்று ஓர் அலுவலகம் அந்தக் கோப்பைத் திருப்பியனுப்பியது. விதிகள் சொல்வது வேறு. முதியவர்களின் எழுதப்பட்ட வாக்குமூலம், இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவை ஆதாரங்களே. செயற்கைக்கோள் படம் துணை நிற்கலாமே தவிர, மற்ற ஆதாரங்களின் இடத்தைப் பிடிக்க முடியாது. கோரிக்கை மறுக்கப்பட்டால் 60 நாட்களுக்குள் மேல்நிலைக் குழுவிடம் முறையிடலாம் என்பதும், சரிபார்ப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்பதும் பலருக்குத் தெரியாது. மறுப்புக் கடிதம் கைக்கு வந்த தேதியைக் குறித்து வைப்பதில்லை என்பதாலேயே முறையீட்டில் சிக்கலான கோப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

கோரிக்கையைத் தொடங்கி வைப்பது கிராம சபை. அதன் கூட்டத்துக்கு உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும். தேனெடுக்கும் பருவத்தில் கூட்டம் வைத்தால் இந்த எண்ணிக்கை சேராது. அவசரத்தில் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிப் பிறகு தீர்மானத்தை நிரப்புகிறவர்கள், நல்லெண்ணத்தோடு செய்தாலும், அந்த ஊரின் கோரிக்கையைத் தாங்களே பலவீனப்படுத்துகிறார்கள்.

உதவ விரும்பும் நகரத்து நண்பர்கள் போர்வைகளோடும் கேமராவோடும் வருகிறார்கள். போர்வை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மலையில் குளிர் அதிகம். எங்களுக்கு உண்மையில் ஆள் பற்றாக்குறை இருப்பது, முதியவர்களோடு மூன்று நாள் எல்லை நடக்கவும், கூட்டக் குறிப்பைத் திருத்தாமல் எழுதவும், ஒவ்வொரு தாளுக்கும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கவும்தான்.